அண்டாவும் பால்கனியும்

அப்பாவின் முதுகு ஒரு நாள் காலையில் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. 1978 சித்திரை என்று நினைவு. அந்தக் காலத்துப் பெங்களூரில் மின்விசிறி இல்லாத வீடுகளே அதிகம். இருந்தாலும் சித்திரையில் ஒரு பத்து நாள் ராத்திரியில் வேர்க்கும். அந்த வேர்வை போதுமாக இருந்தது. முந்தின வாரம் அம்மா சாயம் போட்டிருந்த பெட்ஷீட்டில் படுத்து எழுந்தவர் பனியனைக் கழற்றியதும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் சிரித்துப் புரண்டோம். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதென்பதால் அப்பா கடைசிவரை நம்பவில்லை. அம்மா மட்டும் சிரிக்காமல் பெட்ஷீட்டின் ஓரத்தை எச்சில் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உப்பு பத்தலை.”

அவள் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. அது எனக்குத் தெரிய நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். காக்ஸ் டவுனை ஒட்டிய பகுதி. பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். 1809இல் வெள்ளைக்காரர்கள் இங்கே தண்டு போட்டது முதல் வட ஆர்க்காட்டிலிருந்தும் மற்ற தமிழ்ச் சீமைகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள்தான் இந்தப் பக்கத்தில் பாதிப்பேர். ஊர்ப் பெயரிலேயே எங்கள் வாழ்க்கை இருக்கிறது: கன்னடத்து ஹள்ளி, தமிழில் பள்ளி. பால் அவர்களுக்கு ஹாலு. பிடி என்பது ஹிடி. எங்கள் காம்பவுண்டில் வரிசையாக ஐந்து வீடு, ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், பின்னால் கொய்யா மரத்தோடு ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனியில், சாயம் போடும் வேலை நடக்கும்.

ரவிக்கைத் துணிக்கோ பாவாடைக்கோ சாயம் போடுவது பெரிய காரியமே இல்லை. ஒரு குண்டானில் அடுப்படியிலேயே முடித்துவிடலாம். டபுள் காட் பெட்ஷீட் அப்படியில்லை. காய்ந்திருக்கும்போது ஒரு கிலோ கூட இருக்காது, மடித்தால் அலமாரியில் ஒரு மூலைக்குப் போதும். நனைந்துவிட்டால் அது வேறு பிராணி. நாலு கிலோ எடையில் வழுக்கிக்கொண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, மடிப்புக்குள் மடிப்பாக ஒளிந்துகொள்ளும். மடிப்பு எங்கே ஒட்டிக்கொள்கிறதோ அங்கே சாயம் ஏறாது. விரித்துப் பார்த்தால் தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக இருக்கும். அதனால் பெட்ஷீட்டுக்குச் சாயம் போடுவதில் நிறத்தைவிட முக்கியம் இடம். துணி நீந்துவதற்கு இடம் வேண்டும். கையால் சாயம் போடுகிறவர்கள் கிலோ துணிக்கு இருபது லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் குளிக்க வெந்நீர் போடும் செப்பு அண்டாவைத்தான் இதற்கு எடுப்பாள். பக்கத்து வீட்டு அஜ்ஜி அதை ஹண்டே என்பார். மூன்று கல் வைத்து, கொய்யாக் கிளையும் மரத்தூளும் போட்டுத் தீ மூட்டி, கிணற்றிலிருந்து இருபத்தைந்து சொம்பு, முப்பது சொம்பு என்று எண்ணி ஊற்றுவாள்.

சாயப் பொட்டலம் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. கடுக்காய்க்கும் வசம்புக்கும் பக்கத்து டப்பாவில் வாடாமல்லி, கிளிப்பச்சை, அரக்கு, காப்பிக்கொட்டை கலர் எல்லாம் பொடியாக இருக்கும். கடைக்காரர் தினத்தந்தித் தாளில் மடித்துத் தருவார். பொடியை நேரே அண்டாவில் கொட்டக் கூடாது. கொட்டினால் கரையாத கட்டி துணியில் ஒட்டி மச்சமாக நிற்கும். முதலில் கொஞ்சம் வெந்நீரில் மாவு மாதிரி குழைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, அப்புறம்தான் அண்டாவுக்குள். பெட்ஷீட்டை முன்கூட்டியே நனைத்துப் பிழிந்து வைத்திருக்க வேண்டும். காய்ந்த துணி சாயத்தை முதலில் தொட்ட இடத்திலேயே குடித்துவிடும். கஞ்சி போட்ட துணி என்றால் முந்தின நாளே அலசிக் கஞ்சியை முழுக்கப் போக்கிவிட வேண்டும். கல் உப்பை ஒரே தடவையில் போடாமல் மூன்று தவணையாக, அதுவும் கழியால் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்தில் போட வேண்டும். கொதி வந்தபின் ஒரு மணி நேரம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கிண்டுவதற்கு ஒரு ஆள் போதும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அங்கேதான் அஜ்ஜி வருவார். இரண்டு மூங்கில் கழியை இரண்டு பக்கமும் செருகி, ஆவி பறக்கிற அந்தப் பாரத்தை இருவருமாகத் தூக்கி, சொட்டட்டும் என்று அண்டாவின் விளிம்பில் வைப்பார்கள். “ஹிடி, ஹிடி” என்று அஜ்ஜி கத்துவார். அம்மா “பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன்” என்பாள். ஆளுக்கொரு மொழியில் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு இருவரும் நடப்பதைப் பார்க்க எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ரொம்ப முறுக்கிப் பிழிந்தால் முறுக்கின கோடெல்லாம் நிறமாகப் பதிந்துவிடும். அதனால் லேசாக அமுக்கிவிட்டு நிழலில் கொடியில் போடுவார்கள். போட்டதோடு வேலை முடியாது. சாயத் தண்ணீர் கீழ் ஓரத்துக்கு இறங்கி அங்கே மட்டும் கெட்டியாகிவிடும் என்று கால் மணிக்கு ஒரு தடவை மேல் ஓரம் கீழே வரும்படி மாற்றிப் போடுவாள் அம்மா. ரயில் பாதைப் பக்கமிருந்து காற்றடித்தால் கரித்தூள் வேறு வந்து படியும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஏதோ கலை, ஏதோ மரபு என்று தோன்றினால் அது என் எழுத்தின் குற்றம். அம்மாவிடம் புதுப் பெட்ஷீட் வாங்கக் காசு இருந்திருந்தால் அண்டாவைத் தொட்டிருக்கவே மாட்டாள். சாயம் என்பது கறையை மறைக்கிற வழி. சென்னிமலையிலிருந்து மூட்டை சுமந்து வருகிறவரிடம் தவணையில் வாங்கிய வெள்ளைப் பெட்ஷீட் முதல் மூன்று வருஷம் வெள்ளையாகவே இருக்கும், வாராவாரம் நீலம் போட்டு. பிறகு எண்ணெய்த் தலைக் கறை, காப்பிக் கறை, பிள்ளைகள் ஈரம் பண்ணிய வளையங்கள் எல்லாம் சேர்ந்து நீலத்துக்கு அடங்காமல் போகும்போது முதல் சாயம்: ரோஸ். அது வெளுத்ததும் வாடாமல்லி. அதற்கும் மேல் போனால் காப்பிக்கொட்டை. சாயம் இருட்டை நோக்கித்தான் போகும், திரும்பி வராது. ஒவ்வொரு வீட்டுப் பெட்ஷீட்டின் நிறத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம். நடுப்பகுதி நைந்துவிட்டால் நெடுக இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து இன்னும் இரண்டு வருஷம். அப்புறம் தலையணை உறை, கடைசியில் தரை துடைக்கிற துணி. ஒரே ஒரு கட்டுப்பாடு: சாயம் போட்டதைப் பிறந்த குழந்தைக்குக் கிழித்துப் போட மாட்டாள். தூளிக்கும் ஆகாது. சலவைக்காரரும் எங்கள் வீட்டுச் சாயப் பெட்ஷீட்டை எடுக்க மாட்டார். மற்ற வீட்டு வேட்டியெல்லாம் நாசமாகிவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அலமாரியிலிருந்து அந்த ஒரே வெள்ளை விரிப்பு வெளியே வரும், வாடாமல்லி உள்ளே போகும்.

இனி அந்த உப்புக்கு வருகிறேன். பருத்தியில் நிறம் ஏற்றுவது ஒரு காலத்தில் வீட்டு வேலையே கிடையாது. சாயவேர், அவுரி, கடுக்காய், படிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கான பக்குவம். அது தெரிந்த குடும்பங்களின் கையில்தான் அந்தத் தொழில் இருந்தது. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் கொய்னாவுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக ஊதா நிறம் பிறந்தது. ஆனால் வீட்டுக்குள் சாயம் நுழைந்தது அதனால் இல்லை. 1884இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த காங்கோ சிவப்புதான் கதவைத் திறந்தது. படிகாரம் முதலிய எந்த இடைப்பொருளும் இல்லாமல், வெறும் வெந்நீரிலும் உப்பிலும் பருத்தியில் ஒட்டிக்கொண்ட முதல் செயற்கைச் சாயம் அது. அந்த வம்சத்தின் சரக்குதான் எங்கள் தினத்தந்திப் பொட்டலம். உப்பு செய்வதெல்லாம் தண்ணீரில் மிதக்கும் சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளிவிடுவது. தள்ளியதைக் கட்டிப்போட அதற்குத் தெரியாது. சாயம் நூலுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், வேர்வையோ தண்ணீரோ கூப்பிட்டால் எழுந்து போய்விடும். அம்மா அண்டா நிறைய உப்பைக் கொட்டியிருந்தாலும் அப்பாவின் முதுகு தப்பியிருக்காது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வம்சத்தில் பல சாயங்கள் பென்சிடின் என்ற பொருளிலிருந்து செய்தவை. பென்சிடின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பின்னால் உறுதியானது. 1994இல் ஜெர்மனி இத்தகைய சாயங்கள் ஏறிய துணிகளுக்குத் தடை போட்டது. 90களிலேயே இந்தியாவிலும் இவற்றுக்குத் தடை வந்தது. எங்கள் பொட்டலத்தில் எது இருந்தது என்று இனி யாரைக் கேட்பது? அம்மா வெறுங்கையால் குழைத்தாள், வெறுங்கையால் அலசினாள், ஒரு வாரம் நகக்கண் ஊதாவாக இருக்கும். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு மறுநாள் அதிலேயே எங்களுக்கு வெந்நீர் போட்டாள்.

காம்பவுண்டு 2006இல் விலை போயிற்று. இப்போது அதே இடத்தில் கீழே கார் நிறுத்தம், மேலே நாலு மாடி. விற்றவர்களுக்கு ஆளுக்கொரு வீடு என்ற கணக்கில் இரண்டாம் மாடியில் நான் இருக்கிறேன். கிணறு எங்கே இருந்தது என்று தூண்களை வைத்துத்தான் குத்துமதிப்பாகச் சொல்ல முடியும். மூன்றாம் தூணுக்கும் லிஃப்டுக்கும் நடுவில். ஜீவனஹள்ளியில் இப்படித்தான் தெருவுக்குத் தெரு ஆயிற்று. கொடி கட்டக் கொய்யா மரமில்லை. பால்கனியில் கூரையிலிருந்து தொங்கும் ஆறு கம்பிகள் இருக்கின்றன, கயிற்றை இழுத்தால் இறங்கும். ஒரு டபுள் காட் விரிப்பை நாலாக மடித்தால்தான் அதில் தொங்கும்.

பெட்ஷீட்டும் மாறிவிட்டது. கரூரிலும் பானிப்பட்டிலும் தறி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் தலையணை உறையோடு சேர்த்து மலிவாக வருவதில் பெரும்பாதி பாலியெஸ்டர். கையால் தொட்டால் பருத்தியைவிட மெத்தென்று இருக்கும், ஏமாந்துவிடுவோம். பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறாது. ஆலையில் அழுத்தக் கலத்தில் 130 டிகிரி வரை சூடேற்றித்தான் அந்த நூலுக்குள் சாயத்தை ஏற்றுகிறார்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டரானால் சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக நிற்கும். இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் அண்ணன் மகள். தாமஸ் டவுன் பக்கம் இருக்கிறாள், ஐ.டி. வேலை. 2020 ஊரடங்கில் உலகமே பனியனை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கும் அந்தப் பித்து பிடித்தது, விடவில்லை.

2024 மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பையோடு வந்தாள். “அத்தை, உங்க பால்கனி பெருசு. கொஞ்ச நேரம் கடன் கொடுங்க.” பைக்குள் கிங் சைஸ் வெள்ளைப் பருத்தி விரிப்பு, 108 அங்குலத்துக்கு 108. ஒரு கறை இல்லை. பிரித்த மடிப்புகூடக் கலையவில்லை.

“இதுக்கு எதுக்குடி சாயம்?”

“வெள்ளையா இருக்கே, அதான்.”

இந்தப் பதிலை அம்மா கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன் மகள் செய்த விதம் வேறு. சமையல் தராசு ஒன்று, இதற்கென்றே தனியாக வைத்திருப்பது. விரிப்பு 1 கிலோ 100 கிராம். நூற்றுக்கு நாலு பங்கு சாயம் என்றால் 44 கிராம். தண்ணீர் 22 லிட்டர். உப்பு லிட்டருக்கு 60 கிராம் வீதம் கிட்டத்தட்ட 1 கிலோ 300. சலவைச் சோடா 440 கிராம். கையில் ரப்பர் உறை, பொடியைத் திறக்கும்போது முகக்கவசம். நிறத்தின் பெயர் டெரக்கோட்டா; அம்மாவாக இருந்தால் செங்கல் கலர் என்று முடித்திருப்பாள். மேல் மாடியில் இரட்டைக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் பெரிய பிளாஸ்டிக் டப்பை இரவல் வாங்கினோம். அடுப்பே இல்லை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அவ்வளவுதான். இருபது நிமிஷம் கிளறினாள், உப்புப் போட்டாள், கிளறினாள், கரைத்து வைத்திருந்த சோடாவை ஊற்றி இன்னும் ஒரு மணி நேரம் கிளறினாள். கிளறும்போது காதில் ஹெட்போன்.

அவள் போட்ட இந்தச் சாய வகை 1956இல் விற்பனைக்கு வந்தது. பெர்க்கினின் ஊதாவுக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி புரோசியான் என்ற பெயரில் விட்டது. முந்தைய சாயம் நூலுக்குள் விருந்தாளி என்றால் இது சம்பந்தி. சோடாவின் காரத்தில் சாய மூலக்கூறு பருத்தியின் மூலக்கூறோடு வேதிக் கட்டு போட்டுக்கொள்கிறது. துவைத்தாலும் வேர்த்தாலும் அவிழாது. உப்பு தள்ளிவிடும், சோடா முடிச்சுப் போடும். அம்மாவிடம் இல்லாதிருந்தது அந்த இரண்டாவது பொருள். ஆனால் பொட்டலத்துச் சாயத்தில் சோடாவைக் கொட்டியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. முடிச்சுப் போடத் தெரிந்த சாயம்தான் வேண்டும். அவள் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தச் சாயம் உலகத்தில் இருந்தது, ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து டப்பாவுக்குத்தான் வந்து சேரவில்லை.

அலசும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. இந்தச் சாயத்தில் நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும் பங்கு ஒன்று எப்போதும் உண்டு, சில சமயம் மூன்றில் ஒன்றுகூட. அது முழுக்க வெளியேறும்வரை அலச வேண்டும்: குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தரம், வெந்நீரும் சோப்பும் சேர்த்து இரண்டு தரம், மறுபடி குளிர்ந்த தண்ணீர். ஒவ்வொரு தடவையும் இருபது லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று திட்டம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அளவு ஏறக்குறைய ஒரே விரிப்பில் போயிற்று. அதுவும் எந்த மார்ச்! எங்கள் கட்டடத்து போர்வெல் ஜனவரியிலேயே காற்று இழுத்தது. காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அந்த மாதம்தான் அறிவித்திருந்தது. நான் முணுமுணுத்ததைக் கேட்டு அவள் அலசிய தண்ணீரை முடிந்தவரை பக்கெட்டில் பிடித்துக் கக்கூசுக்கு வைத்தாள். இரண்டு நாள் எங்கள் வீட்டில் செங்கல் கலரில்தான் ஃப்ளஷ்.

பக்கெட்டில் பிடிக்கலாம், உப்பை என்ன செய்வது? திருப்பூரில் பிரச்சினையே அதுதான். நிறத்தை வடிகட்டிவிடலாம். கரைந்த உப்பைப் பிரிக்கத்தான் செலவு. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது வரை போயிற்று. எங்கள் வீட்டு ஒண்ணேகால் கிலோ உப்பு அதற்குமுன் தூசு. இருந்தாலும் பால்கனி வடிகாலில் அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“மெஷினில் போட்டு அலசக் கூடாதா?” என்று கேட்டேன். முன்பு ஒரு தடவை தன் வீட்டு வாஷிங் மெஷினில் போட்டாளாம். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் சாயம் பிடித்து, அடுத்த மூன்று வாரம் கணவனின் வெள்ளைச் சட்டையெல்லாம் காலரில் கோடு வாங்கியதாம். ட்ரை கிளீனரிடம் கேட்டாளாம். கடைப் பலகையில் இன்னும் ‘டையர்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருந்தவர் சிரித்துவிட்டு, அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமே மேடம் என்றாராம். அவர் சொன்னது கணக்குப்படி உண்மை. சாயமும் உப்பும் டாக்சியும் சேர்த்தால் ஒரு பாலியெஸ்டர் விரிப்பின் விலை வந்துவிடும்.

சாயம் இவ்வளவு தேறிவிட்டது. துணி நீந்துவதற்கு இடம்தான் இல்லை. பங்குனி வெயிலில் சும்மா கிடந்த கிணற்றடி, காசில்லாத தண்ணீர், கூப்பிட்ட குரலுக்கு வந்த ஒரு ஜோடிக் கை எல்லாம் அம்மாவிடம் இருந்தன. அவளுக்குக் கிடைக்காதது 440 கிராம் சலவைச் சோடாவும் அதற்கேற்ற பொடியும்.

தூக்குவதற்கு அண்ணன் மகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. நனைந்த கிங் சைஸ் விரிப்பு என் அறுபது வயது மணிக்கட்டுக்கு அதிகம். பால்கனியின் நீளம் போதாமல் நான் ஹாலுக்குள் பின்வாங்கி டிவி வரை போனேன். “லேசா, முறுக்காதே, கோடு விழும்” என்றேன். “தெரியும் அத்தை” என்றாள். விரித்துப் பார்த்தோம். ஒரு திட்டில்லை, தேமலில்லை. நாலு ஓரத்திலும் தையல் மட்டும் வெள்ளையாக, எறும்பு முட்டை வரிசை மாதிரி பளிச்சென்று நின்றது. துணி பருத்தி, தைத்த நூல் பாலியெஸ்டர்! அம்மா காலத்தில் நூலும் பருத்தி. எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்து வெளுக்கும். அண்ணன் மகள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “டிசைன்னு சொல்லிக்கலாம்” என்றாள்.

நாலாக மடித்துக் கம்பியில் ஏற்றினோம். கால் மணி கழித்து ஓரத்தை மாற்றிப் போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு அவசியமில்லை, கட்டிக்கொண்ட சாயம் இறங்காது என்றாள். அது சரிதான். ஆனால் தண்ணீர் இறங்கும். பத்து நிமிஷத்தில் கீழே இருந்து குரல் வந்தது: “யாருரீ அது மேலே?”

எட்டிப் பார்த்தேன். முதல் மாடிக்காரரின் வெள்ளைக் கார், தூண் வரிசைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. பானட்டில் செங்கல் கலர் சொட்டுகள், எண்ணினால் இருபது இருக்கும். குழாயைத் திறந்து கழுவ முடியாது, அந்த மாதம் யாரும் யாரையும் போட்டோ எடுத்துவிடலாம். அண்ணன் மகள் ஒரு சொம்பில் பாதித் தண்ணீரும் கிழிசல் துணி ஒன்றும் எடுத்துக்கொண்டு, “சாரி அங்கிள், வர்றேன், வர்றேன்” என்று கத்தியபடி படியிறங்கிப் போனாள்.